வாலில் இரண்டு நூல் மடிப்பு

என் மாமு ஜெரோம்,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. பள்ளி ஆண்டு மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நீதான் அவன் தோஸ்து, சிரிக்கிற மாதிரி எழுது என்று தமிழய்யா என்னிடம் தந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக் கோமாளி நான்தானே. சாவுக்கும் என்னையே கூப்பிடுகிறார்கள்.

முதலில் செய்தி. திருவொற்றியூர் முழுக்க உனக்கு பேனர். உன் தலைக்கு மேல் ஒரு விமானம் வளைந்து போகிறது, இறக்கை இரண்டும் கிடைமட்டமாக. "சாயாம எப்புடிடா திரும்பும்?" என்று பேனர் கடைக்காரரோடு நீ சண்டைக்கு நின்றிருப்பாய்.

சாயாமலே திரும்பும் என்றுதானே நீயும் முதலில் நினைத்தாய்? உன் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். படகுக்குச் சுக்கான் போல விமானத்துக்கும் வாலில் நிற்கிற பலகையை மடித்தால் போதும் என்றாய். மீன்பெட்டித் தெர்மாகோலில் நாம் செய்த முதல் விமானம், மூக்கை வலப்பக்கம் காட்டிக்கொண்டே நேராகப் போய்க் கடலில் விழுந்தது. மணமேடையில் உட்கார்ந்து பந்தியையே பார்க்கிற மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்றேன். நீ சிரிக்கவில்லை. பதினைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தாய்.

திருப்புவது இறக்கைதான். ஒரு இறக்கையின் பின் ஓரத்தை மேலேயும் மற்றதைக் கீழேயும் மடித்தால் விமானம் ஒரு பக்கம் சாயும். மேலே தூக்கிக்கொண்டிருந்த விசையும் கூடவே சாய்ந்து, அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்புதான் திருப்பம். "ஆனா மாமு, பக்கத்துல இழுக்க பங்கு போயிட்டா, மேல தூக்கறது கொறஞ்சிடும். வுட்டா எறங்கிடும்" என்றாய். அதை ஈடுகட்டத்தான் வாலின் படுக்கைத் தகட்டைக் கால் அங்குலம், ஆசாரிக் கணக்கில் இரண்டு நூல், மேலே மடித்து மூக்கைத் தூக்கி வைத்தாய்.

அறிவியல் கண்காட்சி அன்று அந்த மடிப்பைச் சமமாக்கியது நான்தான். நீ தண்ணீர் குடிக்கப் போன நேரம், கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. உன் விமானம் அழகாகச் சாய்ந்தது, அழகாகத் திரும்பியது, இறங்கிக்கொண்டே வந்து தலைமையாசிரியரின் மோர் டம்ளரில் குத்தியது. மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன்; கைதட்டல் எனக்குத்தான் என்று தோன்றியது. நீ வால் தகட்டைத் தடவிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"நல்லாருடா" என்றாய். அவ்வளவுதான்.

ஆறு நாள் பேசவில்லை. தினமும் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சந்து வழியாக வருகிறவன், உன் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் பெரிய ரோட்டில் போனாய். ஏழாம் நாள், எர்ணாவூர்த் திருப்பத்தில் கண்டெய்னர் லாரி. அதன் தலை அகலமாகத்தான் திரும்பியது. வால் உள்ளே வெட்டிக்கொண்டு வந்தது. நீ உள்பக்கம் இருந்தாய். அப்புறம் அங்கே வெள்ளைக்கோடு போட்டார்கள். லாரிகளே இரண்டு வாரத்தில் அழித்தும் விட்டன. எதை எப்படித் திருப்புவது என்று இந்த ஊரில் உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்ததா?

உன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சோறு போடுகிறார். போன வாரம் கேட்டார்: "அந்த பிளேனு சரியா பறக்கலன்னுதான் எம்புள்ள மனசு ஒடிஞ்சி ஒத்தையா சுத்திகினு இருந்தான். அதுல அவன் இன்னா தப்பு பண்ணான், உனுக்குத் தெரியுமாடா டில்லி?"

வாய் நிறைய மீன்குழம்புச் சோறு. தெரியாது என்று தலையை ஆட்டினேன். ஊருக்கே பதில் சொல்கிற வாய் இது.

விமானம் உங்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. நான் தேய்த்த வால் தேய்த்தபடியே. மலர் அச்சாகி உன் அம்மா கைக்குப் போவதற்கு முன்னால், இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் வருவேன். அவர் கண்முன்னால் அந்தத் தகட்டை இரண்டு நூல் மேலே மடிப்பேன். அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை, பண்ணியது நான் என்று சொல்வேன். அப்புறம் எனக்குச் சோறு உண்டா இல்லையா என்பது அவர் இஷ்டம்.

உன் அம்மா "ரெண்டாவது புள்ள" என்று கூப்பிடுகிற,
ஞாயிறு வரைக்குமாவது உன் தம்பி,
டில்லி