எதிர்க்கடை ரோசி அக்காவுக்கு, கடுகு மீன் பற்றி

என்னை ஒரு நாளும் ஜெயிக்க விடாத என் அன்பு ரோசி அக்கா,

உன் கடையை மூடியாகிவிட்டது. போன மாதம் மாமா ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, சாவியை என் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "இனிமே முடியாது எஸ்தரு. அவ இல்லாம அது கடையே இல்ல" என்றார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ரோட்டில் உனக்கு நேரெதிரே மெஸ் நடத்துகிறவள் நான். போட்டிக் கடை போனால் சந்தோஷப்பட வேண்டியவள். ஒரு டீ குடிக்கும் நேரம் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணனான மாமாவைக் கட்டியவள் நீ, அவர் தம்பியைக் கட்டியவள் நான். நான் இட்லி, சாம்பார், மீன் குழம்பு என்று நேர்வழியில் போனேன். நீ எங்கே அப்படிப் போனாய்? ஒரிசாக்காரன் கேட்டால் நத்தை, அசாம் பையன் கேட்டால் மூங்கில் குருத்து. ஜார்கண்ட்காரன் எறும்புச் சட்னி என்றதும், முசுறு எறும்பு பிடிக்க மாமாவை மாந்தோப்புக்கே அனுப்பினாய். கடிபட்டு வீங்கிய கையோடு வந்த மனிதர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். என் புருஷன் எனக்காக ஒரு கொசுக்கடி பட்டிருப்பாரா?

ஞாயிறு தோறும் ஏதாவது ஓர் ஊர்ச் சமையல். அதைச் சொல்லித் தந்தவன் முதல் வாய் தின்று சரி என்று சொல்லும்வரை வேறு யாருக்கும் பரிமாற மாட்டாய். அவன் "இல்ல" என்றுவிட்டால் குண்டானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாய். அத்தனை பேரும் பசியோடு காத்திருப்பார்கள். என் கடையில் சாம்பார் கொஞ்சம் தாமதமானால் எழுந்து போகிறவர்கள்தான் அவர்களும்.

உன் கொழுந்தனார் மட்டும் என்ன யோக்கியமா? "எதிர்க்கடையில இன்னா விசேஷம்னு பாத்துக்கினு வரேன்" என்று கிளம்புவார். உதடெல்லாம் எண்ணெயாகத் திரும்பி வந்து, "சுமார்தான்" என்பார். அந்தச் சுமாரைத் தின்றுவிட்டு, நான் வடித்த சோறு வேண்டாம் என்பார்.

நெஞ்சுவலியில் நீ போன அன்று, ஷிப்ட் முடிந்த பையன்கள் யூனிபார்மோடு வந்து நின்றார்கள். என்னென்ன மொழியிலோ அழுதார்கள். நானும் அழுதேன். கூடவே, நான் செத்தால் இதில் எத்தனை பேர் வருவார்கள் என்றும் நினைத்தேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா அக்கா?

பிறகு மாமா ஒரு சமையல் மாஸ்டரை வைத்துப் பார்த்தார். கைப்பக்குவம் உள்ள ஆள்தான். ஆனால் யாருடைய வார்த்தைக்கும் காத்திருக்க மாட்டான். "கண்டவனும் ருசி சொல்றதுக்கா நான் மாஸ்டரு?" என்பான். கூட்டம் மெல்லக் கரைந்தது.

கடை மூடிய பிறகு ஒரு ஞாயிறு, உன் பிகாஷ், அந்த ஒரிசா வெல்டர், கூட்டாளிகளோடு என் வாசலுக்கு வந்தான். "அக்கா, சண்டே இன்னா ஸ்பெஷலு?" என்றான். அந்தத் தமிழும் நீ சொல்லித் தந்ததுதான். சாம்பார் சாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடுத்த வாரம் வா, உங்க ஊரு கடுகு மீன் போடறேன்" என்றுவிட்டேன். உன்னை மிஞ்சிக் காட்ட வேண்டும், வேறொன்றும் இல்லை.

நேற்றுதான் அந்த ஞாயிறு. பழவேற்காட்டு மடவை மீன் வாங்கினேன். கடுகை எண்ணெயில் பொரியவிட்டு அரைத்தேன். கடுகென்றால் பொரியாமல் எப்படி? நம் கைக்கு அதுதானே தெரியும். எல்லா இலைக்கும் ஒன்றாகப் பரிமாறினேன். ஒருத்தனும் தொடவில்லை. எல்லோரும் பிகாஷ் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஒரு வாய் வைத்தான். "இல்லக்கா" என்றான். "கசக்குது. கடுகு பச்சையா ஊற வச்சி, பூண்டு போட்டு அரைக்கணும். ரோசி அக்காவும் மொதல் தடவ இப்டிதான் பண்ணாங்கோ."

தப்பிலும் நீதான் எனக்கு முன்னால்.

உள்ளே போய் அழுதேன். தோற்றதற்காக இல்லை. இத்தனை வருஷமாக என் கடையில் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். சொந்த வீட்டில் சொல்வதுபோல எனக்கு யாரும் "இல்ல" என்று சொன்னதே கிடையாது. உன் மேல் நான் பொறாமைப்பட்டதெல்லாம் இதற்குத்தானா?

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் ரசமும் ஆம்லெட்டும் போட்டேன். போகும்போது பிகாஷ் கேட்டான்: "அடுத்த சண்டே திரும்ப பண்றீங்களாக்கா?"

பண்ணுவேன் அக்கா. அவன் சரி என்று சொல்லும்வரை பண்ணுவேன். சொன்ன அன்றைக்கே ஒரு தட்டு மீனோடு உன் கல்லறைக்கு வருவேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து நானே முழுக்கத் தின்பேன். உனக்கு ஒரு முள்கூடத் தர மாட்டேன். வேண்டுமென்றால் எழுந்து வந்து கேள்.

நீ வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டு வந்த
உன் ஓரகத்தி,
எஸ்தர்