அப்பாவின் 214ஆம் பக்கம்

1955 மார்ச் 3, வியாழன்

அப்பாவுக்கு இன்று பதினொரு கடிதங்கள். எட்டு புகழ்ச்சி, இரண்டு அழைப்பு. மிச்சம் ஒன்று டெவன்ஷயர் பாதிரியார் ஒருவர் எழுதியது. அப்பா எழுதிய ‘சுதந்திரத்தின் ஆறு’ வரலாற்றின் மூன்றாம் தொகுதியைத் தினமும் தன் நாய்க்கு வாசித்துக் காட்டுகிறாராம். நாய் அசையாமல் கேட்கிறதாம். அதை மட்டும் அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

“பாத்தியா மியூரியல், எந்த உயிருக்கும் புரியிற மாதிரி எழுதணும்.”

கேலியாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பன்னிரண்டாவதாக ஒரு உறை இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வரும் காலாண்டிதழ், அட்டையிலேயே அப்பாவைத் தாக்கும் கட்டுரையின் தலைப்பு. அதைச் சமையலறையில் மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கெட்ட செய்திகளுக்கு எங்கள் வீட்டில் அதுதான் இடம். அப்பா தன் வாழ்நாளில் மாவு டின்னைத் தேடியதில்லை.

மார்ச் 5, சனி

படித்தேன். ஜைல்ஸ் ரோக்பி என்ற முப்பத்து நான்கு வயது வரலாற்று டாக்டர். இருபத்தாறு பக்கம். ‘சர் ஆல்பன் தோர்ன்லீயின் ஆறு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சர் ஆல்பனின் தோட்டம் வழியாகத்தான் ஓடுகிறது’ என்று அப்பாவைப் பற்றிச் சொல்கிறார். சிரித்துவிட்டேன். எங்கள் வேலைக்கார அம்மாள் மிஸஸ் பெக் திரும்பிப் பார்த்தாள்.

விஷயம் அப்பாவின் புத்தகத்தில் வரும் அந்த நெசவாளி. நீதிபதியின் முகத்துக்கு நேராக, “ஐயா, என் தறியை உடைக்கலாம், என் நாக்கை நெய்வதை நிறுத்த முடியாது” என்று சொன்னானே, அவன்தான். நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் ஒப்பிக்கும். ரோக்பி நீதிமன்றச் சுருள்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அந்த நாளில் நெசவாளி பேசவே இல்லை. வரவே இல்லை. வயிற்றுப்போக்கு.

இது எனக்கு 1934லேயே தெரியும். சுருளைப் படித்துச் சொன்னவளே நான்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பான்.”

மார்ச் 9, புதன்

மறைத்து என்ன பயன். லண்டன் நாளிதழ் அந்தக் கட்டுரையை எடுத்துப் பெரிதாகப் போட்டுவிட்டது. தலைப்பு: ‘வராத நெசவாளி’.

அப்பா பெருந்தன்மையாக இருக்கிறார். அதாவது காலையிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகக் கதவு சாத்த முடியவில்லை. முட்டையை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். பிறகு, “எதிர்க்கருத்துக்கு நான் எப்பவுமே இடம் குடுக்கிறவன். அந்தப் பையனுக்கு அவனோட கருத்தைச் சொல்ல முழு உரிமை இருக்கு. அதுக்காகத்தான் நான் நாலு தொகுதி எழுதினேன்” என்றார். மத்தியானம் இதையே தபால்காரரிடம் சொன்னார். சாயங்காலம் தோட்டக்காரரிடம்.

ஏப்ரல் 5, செவ்வாய்

பதிப்பாளர் லாக்யர் எழுதியிருக்கிறார். மூன்று மாவட்டங்களில் பள்ளிப் பட்டியலிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். மிகுந்த வருத்தமாம். சர் ஆல்பன் தன் வாழ்க்கையைத் தானே எழுதினால் இந்த நேரத்தில் ‘வாசகர்களின் அன்பு திரும்பும்’ என்று ஒரு யோசனை.

அன்பு திரும்புவதற்கு முன் அப்பாவுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. நாளைக் காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறோம். நாங்கள் என்றால் அவர் சொல்வார், நான் தட்டச்சுப் பொறியில் தட்டுவேன்.

மே 2, திங்கள்

முதல் அத்தியாயம் முடிந்தது. அப்பாவுக்கு இப்போது ஏழு வயது. ஏற்கனவே பேச்சுரிமையை ஆதரிக்கிறார்.

மே 19, வியாழன்

புத்தகத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்: ‘திறந்த கதவுகள்’.

ஜூன் 16, வியாழன்

இன்று அம்மா இறந்தாள். பத்து வரி. நல்ல வரிகள்தான். தட்டும்போது கண் கலங்கியது. பிறகு பார்த்தால் பத்தில் ஏழு வரி அப்பா எப்படித் தாங்கிக்கொண்டார் என்பது.

ஜூன் 17, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும். முடியுமா தெரியவில்லை.

காலை பத்தரைக்கு நான் வந்தேன். புத்தகத்தில். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘என் மகள் மியூரியலுக்கு 1930இல் ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்தது. ஆனால் அவள் தன் சொந்த விருப்பத்தால் வீட்டிலேயே இருந்து என் பணியில் பங்குகொள்ளத் தீர்மானித்தாள். நான் அவளை ஒருபோதும் தடுத்ததில்லை.’

என் கை நின்றது. “என்னம்மா, ரிப்பன் சிக்கிக்கிச்சா?” என்றார்.

“இல்லப்பா.”

“அப்ப அடுத்த பாரா.”

தடுக்கவில்லை. அது உண்மை. பெட்டி கட்டி வைத்திருந்தேன். எனக்குப் பதினெட்டு வயது, அம்மா போய்ப் பத்து மாதம். “போயிட்டு வாம்மா. நான் சமாளிச்சுக்கிறேன்” என்றார். அன்றிலிருந்து படிப்பறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒரு சொற்பொழிவை ரத்து செய்தார். மூக்கின் மேல் இருந்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடினார். பெருமூச்சு விட்டார் — சின்னதாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, ஆனால் மாடிப்படி வரை கேட்கும்படி. நான்கு நாள். ஐந்தாம் நாள் பெட்டியைப் பிரித்தது யார்? நான்தான். என் கையால். அவர் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. வேறு வீட்டுப் பெண்களுக்குத் திட்ட ஒரு கொடுங்கோலனாவது இருந்தான். எனக்கு அதுவும் இல்லை. ஒரு தாராளவாதிகிட்ட போய் என்னன்னு சண்டை போடுறது?

ஜூன் 18, சனி

சுத்தப் பிரதி தட்டினேன். அந்த இடம் வந்ததும் இப்படி வந்தது:

‘என் மகள் மியூரியலுக்கு 1930இல் ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்தது. நான் அவளைத் தடுக்கவில்லை, அவள் போக முடியாதபடி பார்த்துக்கொண்டேன். ஒரு தேசத்தின் சுதந்திரத்தைப் பற்றி நான் நான்கு தொகுதிகள் எழுதினேன்; அவ்வளவு காலமும் ஒரு பெண்ணின் சுதந்திரம் என் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.’

அவர் நடைதான். இருபத்தைந்து வருடமாகத் தட்டுகிறேன், எனக்கு வராதா.

எடுத்துவிடுவேன். நாளைக்கு.

ஜூன் 20, திங்கள்

எடுக்கவில்லை.

ஜூலை 28, வியாழன்

அச்சுப்படிகள் வந்தன. அப்பா பார்க்க மாட்டார். தான் சொன்னதைத் தானே சரிபார்ப்பது தன்னைத் தானே சந்தேகிப்பதாகும் என்பது அவர் கொள்கை. வழக்கம்போல நான்தான். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். திருத்தும்போது தோன்றியது: நெசவாளி வாயில் அப்பா வார்த்தையை வைத்தார். அப்பா வாயில் நான் வைக்கிறேன். குடும்பத் தொழில்.

ஆகஸ்ட் 1, திங்கள்

அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

புத்தகம் வந்து ஐந்து நாள். இன்றைய தாளில் மதிப்புரை. எழுதியவர் ரோக்பி.

மாவு டின்னுக்குக் கொண்டுபோக நேரமில்லை. அப்பா கையை நீட்டிவிட்டார், பிறகு கண் வலிக்கிறது என்று என்னையே படிக்கச் சொன்னார். முதல் பாதியில் ரோக்பி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ‘இந்த நூலில் கதவுகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன, சர் ஆல்பன்தான் எல்லா வாசல்களிலும் நிற்கிறார்.’ அப்பாவின் காது சிவந்தது. பிறகு: ‘ஆனால் 214ஆம் பக்கம் வேறு. அங்கே ஒரு முதியவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறார். நம் காலத்தில் எந்த வரலாற்றாசிரியனும் இவ்வளவு நேர்மையான மூன்று வாக்கியங்களை எழுதியதில்லை. இவரைப் பற்றி நான் முன்பு எழுதியதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.’

“இருநூத்துப் பதினாலுல என்ன இருக்கு?” என்றார் அப்பா.

புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மிஸஸ் பெக் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள்.

நான் முப்பது வரை எண்ணினேன். பிறகு அவர் சொன்னார்: “மறுபடியும் படி.”

படித்தேன்.

“ம்,” என்றார். “அந்த அரைப்புள்ளி நல்ல இடத்துல விழுந்திருக்கு.”

அவ்வளவுதான்.

அக்டோபர் 18, செவ்வாய்

சமையலறையில் மிஸஸ் பெக் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்: “மிஸ், ஐயா நெசமாவே அதைச் சொன்னாரா?”

“புத்தகத்துல போட்டிருக்கே.”

“அது சரி,” என்றாள். “பத்தொம்போது வருஷமா இந்த வீட்ல வேலை பாக்குறேன். சொல்லியிருப்பாருன்னு தோணல. ஆனா சொல்லியிருக்கணும்.” கத்தியைத் துடைத்து வைத்தாள்.

அக்டோபர் 27, வியாழன்

கடிதங்கள் ஒரு நாளைக்கு நாற்பது. மகள்கள் எழுதுகிறார்கள். அப்பாக்களும் எழுதுகிறார்கள். இரண்டாம் அச்சு. நீக்கிய மூன்று மாவட்டங்களில் இரண்டு ‘சுதந்திரத்தின் ஆறு’ நூலை மறுபடி பள்ளிப் பட்டியலில் சேர்த்துவிட்டன.

அப்பா தபால்காரரிடம் சொல்வது கேட்டது: “தன்னோட தப்பை ஒத்துக்கிறதுதான் தாராளவாதத்தோட முதல் பாடம். நான் எப்பவும் அப்படித்தான்.” தபால்காரர் தொப்பியைத் தொட்டார். இனி தோட்டக்காரரின் முறை.

நெஞ்சறிந்து பொய் சொல்கிறாரா? மறந்துவிட்டாரா? தான் சொன்னதாகவே நம்பிவிட்டாரா? நெசவாளியையும் இப்படித்தான் நம்பியிருப்பார்.

நவம்பர் 6, ஞாயிறு

மதிய விருந்து. பிஷப்பும் மனைவியும். வறுத்த ஆட்டிறைச்சி, புதினாத் துவையல். பிஷப்பின் மனைவி மிஸஸ் ஆட்லி காது சரியாகக் கேட்காதவர்; ஆகவே நினைப்பதை உரக்கச் சொல்வார். அப்பா 214ஆம் பக்கத்தைப் பற்றிக் கண்கள் பளபளக்கப் பேசி முடித்ததும் அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“படிச்சேன் சர் ஆல்பன். அழுதுட்டேன். சரி, பொண்ணு எப்பக் கெளம்புறா?”

“எங்கே?” என்றார் அப்பா.

“அதான் தப்புன்னு எழுதிட்டீங்களே. எழுதினப்புறமும் அவதானே உங்களுக்கு உருளைக்கிழங்கு பரிமாறிக்கிட்டிருக்கா.”

பிஷப் தன் தட்டில் கடவுளைத் தேடினார். என் கையில் உருளைக்கிழங்குப் பாத்திரம். நாற்பத்து மூன்று வயதில் அதைக் கீழே வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. வைத்தேன்.

“லிங்கன் நகர ஆவணக் காப்பகத்துல ஆள் கேட்டிருக்காங்க,” என்றேன். “பழைய கையெழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க. எழுதிப் போட்டிருக்கேன்.”

அதுவரை போட்டிருக்கவில்லை. விளம்பரத்தை வெட்டி மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அவர்கள் கார் ஏறியதும் எழுதிப் போட்டேன்.

அப்பா விருந்தினர் முன்னால் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “அவ எப்பவுமே சுதந்திரமானவ,” என்றார்.

நவம்பர் 8, செவ்வாய்

நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.

நவம்பர் 9, புதன்

கண்ணாடியைத் தேடுகிறார். மூக்கில்தான் இருக்கிறது. நான் சொல்லவில்லை. மிஸஸ் பெக்கும் சொல்லவில்லை.

டிசம்பர் 1, வியாழன்

வேலை கிடைத்தது. கடிதத்தைக் காட்டினேன். முழுதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“அந்தப் பக்கத்தை நான் எப்ப சொன்னேன்னு ஞாபகமே வரல, மியூரியல்.”

“ஜூன்லப்பா.”

“ஜூன்லயா.” ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். அவர் கண்கள் வெளிர்நீலம் என்பதை நான் கவனித்துப் பல வருடமாகிறது. “நான் சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் நீளமா சொல்லியிருப்பேன்,” என்றார். பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

அழுதேனா? ஆமாம். குளியலறையில். எதற்கென்று தெரியவில்லை. ஆனால் பெட்டியைப் பிரிக்கவில்லை.

1956 ஜனவரி 9, திங்கள்

லிங்கன். முதல் நாள். குளிர் எலும்பைத் தொடுகிறது. மேலாளர் டன்தார்ப் நாள் முழுக்கப் பேசியது இரண்டு வாக்கியம். இரண்டும் ஆதாரத்தோடு.

ஏப்ரல் 19, வியாழன்

காலையில் டாக்டர் ரோக்பி காப்பகத்துக்கு வந்தார். நேரில் பார்த்தால் ஒடிசல், கழுத்துப்பட்டியில் முட்டைக் கறை. அப்பாவின் வாழ்க்கையை எழுதுகிறாராம். அப்பாவே முழு மனதோடு சம்மதித்துவிட்டாராம். இரண்டு வாரம் வீட்டில் தங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அப்பா சௌக்கியமாம், புதுச் செயலாளர் வந்திருக்கிறாராம். ‘அந்தம்மா அவரைக் கண்டபடி அதட்டுறாங்க. அவருக்குப் பிடிச்சிருக்கு போல’ என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மிஸ் தோர்ன்லீ, உங்ககிட்ட ஒண்ணு உறுதிப்படுத்திக்கணும். நான் ஆதாரம் இல்லாம எதையும் எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். 214ஆம் பக்கம். என் புத்தகமே அது மேலதான் நிக்குது. அது எப்படி வந்துச்சு?”

“நான்தான் தட்டினேன்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் எழுதினார். தலைகீழாகப் படிக்க எனக்குத் தெரியும்: ‘மகள் உறுதிப்படுத்தினார்.’

அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். கேட்கவில்லை. நோட்டை மூடப் போனவர் நிறுத்தினார்.

“நன்றியுரையில உங்க பேரைப் போடணும். என்னன்னு போடுறது? மகள்னா, செயலாளர்னா?”

“பேரை மட்டும் போடுங்க. போதும்.”

எழுதினார். ஒரு எழுத்தை விட்டிருந்தார். பேனாவை வாங்கி, நானே சரியாக எழுதிக் கொடுத்தேன்.