வரிசை எண் 41-இல் இருப்பது லாரி அல்ல

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தையற்கடைக்கு மேல் மாடி,
பழைய அச்சகத் தெரு.

பெறுநர்:
உயர்திரு வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: வரும் திங்கட்கிழமை உடைப்புக்குச் செல்லும் வாகனங்களில் வரிசை எண் 41-ஐ நிறுத்தி வைத்து, ‘லாரி’ என்னும் தவறான பதிவைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் வளாகத்தின் பின்சுவரை ஒட்டி, டயர் இல்லாமல் செங்கல் மேல் நிற்கும் வாகனத்தைத் தங்கள் பட்டியல் லாரி என்கிறது. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய, ஒரு மூட்டை வைக்கவும் இடமில்லாத லாரியை என் எழுபத்து நான்கு வயதில் நான் பார்த்ததில்லை. தாங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

2. போருக்கு முந்தைய ஆண்டு ஒரே கப்பலில் ஆறு பந்தய ரகக் கார்கள் இங்கே வந்து இறங்கின. ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பது போல, வாங்குபவரைக் கேட்டுக் கேட்டுக் கையால் செய்த கார்கள். செய்த பட்டறை போரிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆறாவது கார் ஒரு கண் மருத்துவருடையது. அதை ஓட்டியவர் என் தந்தை. தெருமுனையில் அது திரும்பும் சத்தம் கேட்டதும் அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். தண்ணீர் கொதிப்பதற்குள் அப்பா வாசலில் நிற்பார். அவ்வளவு நிதானமான நாட்கள் அதன்பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை.

3. என் அண்ணன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். பணி முடிந்ததும் ஊர் ஊராக முன்பின் தெரியாதவர்களை அழைத்து இந்தக் கார்களைப் பற்றி விசாரிப்பார். விடுமுறைகளில் நானும் அவருடன் செருப்புத் தேய அலைந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஐந்தின் கதை தெரிந்தது. ஒன்று துறைமுகக் கிடங்கில் குண்டு விழுந்து எரிந்தது. ஒன்று படகிலிருந்து ஆற்றில் சரிந்தது. ஒன்றின் பின்பாதியை அறுத்து ரொட்டி வண்டி ஆக்கினார்கள். ஒன்றை, சொத்துப் பாகம் பிரித்த சகோதரர்கள் நிஜமாகவே பாகம் பாகமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஐந்தாவது ஓர் அருங்காட்சியகத்தில் தவறான நிறத்தில் நிற்கிறது. அதற்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

4. ஆறாவது மட்டும் கிடைக்கவில்லை. மருத்துவர் அதை விற்ற பிறகு எங்கே போனது என்று அப்பாவுக்கும் தெரியாது. தங்கள் பழைய பதிவேடுகள் எஞ்சின் எண் வரிசையில் இருப்பவை. அந்த எண்ணை அப்பா எங்களுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்வித்திருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அந்த எண் எங்கும் இல்லை.

5. சென்ற மாதம் என் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பி ஒப்படைக்க வந்தேன். வெயிலுக்காகப் பின்பக்கம் ஒதுங்கியபோது, அப்பா ஓட்டிய காரில் இருந்தது போலவே பின்னோக்கித் திறக்கும் ஒரு கதவைக் கண்டேன். உள்ளே இருக்கையின் கிழிசலில் பழுப்புத் தோல் ஒட்டுப் போட்டிருந்தது. அது என் அம்மாவின் கைப்பை. அப்பா அதை வெட்டிய அன்று வீட்டில் நடந்த சண்டை எனக்கு நினைவிருக்கிறது. வளாகக் காவலாளி, “இதுல என்னம்மா இருக்கு, வெறும் தகரம்” என்றார். நான் அந்த இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

6. வரிசை எண் 41-க்கான பழைய கோப்பைக் கேட்டுப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. போர்க்காலத்தில் எஞ்சின் பழுதாகி, உதிரிபாகம் கிடைக்காமல், அப்பா ஒரு சிறிய லாரியின் எஞ்சினை அதில் பொருத்தியிருக்கிறார். மறைக்காமல் மறுநாளே எழுதியும் கொடுத்திருக்கிறார். கடிதம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அன்றைய எழுத்தர் எஞ்சினின் தாளைப் பார்த்து வாகனத்தின் வகையையும் லாரி என்று மாற்றிவிட்டார். வீட்டில் இதைச் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை போலும். கடைசிவரை பழைய எண்ணையே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனவே தவறு தங்கள் அலுவலகத்துடையது மட்டுமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாங்களும் எஞ்சினைத்தான் தேடினோம், காரைத் தேடவில்லை.

7. அடிச்சட்டத்தின் (சேஸிஸ்) எண்ணை யாரும் மாற்றவில்லை. ஈரத் துணியால் துடைத்துப் படித்தேன். அந்தக் கார்கள் வந்த கப்பலின் சரக்குப் பட்டியலில் உள்ள ஆறாவது எண்ணும் அதுவும் ஒன்றே. பட்டியலின் நகலும் அப்பாவின் கடித நகலும் இணைத்துள்ளேன். மூன்றாம் சாளரத்து எழுத்தரிடம் இவற்றைக் காட்டியபோது, “பதிவேட்டுல லாரின்னு இருந்தா லாரிதாம்மா, நான் என்ன பண்றது?” என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவரால் முடியாததால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

8. காரை எங்களுக்குத் தர வேண்டாம். வைத்துக்கொள்ள மாடி வீட்டில் இடமும் இல்லை. உடைப்பதை நிறுத்தி, அதைக் கார் என்று எழுதி, ஒரு கூரையின் கீழ் நிறுத்தினால் போதும். என் அண்ணனுக்கு இப்போது இரு கண்களும் தெரியாது. அவர் ஓட்டுநர் இருக்கையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி வேண்டும்.

9. அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தினமும் காலையில், “ஆறாவது பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகும் அதையே சொல்லும்படி என்னை விட்டுவிடாதீர்கள் ஐயா.

இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்கால்

பதிலுக்கு இங்கேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்