பலகைக்கு ஒரு டப்பா பெயிண்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்கும் பதில் போடமாட்டாய். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

எங்கள் ரூபாய் நோட்டு அச்சகத்தில் மூன்றாவது ஷிப்டை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. புது நோட்டு பாதிதான் அடிக்கிறோம். ஓவர்டைம் போயிற்று என்று எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டபோது எனக்கு மட்டும் அப்பாடா என்று இருந்தது. "சம்பளம் குறையுது, நீ சிரிக்கிற. கிறுக்கா உனக்கு?" என்றார் மிஷின்காரர்.

அவரிடம் உன் சலவைக்கடைக் கதையை எப்படிச் சொல்வது? அன்று நான் கடைக்குள் கால் வைத்ததுமே, "வந்துட்டா நோட்டுக்காரி! இவ அடிச்சுத் தள்ளத் தள்ள, நான் பலகையில இஸ்திரி விலைய தினம் அழிச்சு அழிச்சு ஏத்தி எழுதுறேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய். கோபத்தில் திரும்பிவிட்டேன். உனக்கென்று கொண்டுவந்த ஓவர்டைம் பணம் பையிலேயே இருந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அது ஒரு சோப்பு வாங்கத்தான் போதும்.

நீ சொன்னது சரியா தப்பா என்று நான் எழுதப் போவதில்லை.

போன மாதம் பெயிண்ட் விலை விசாரித்தேன். இன்று மறுபடி போனேன். அதே விலை! நம்பாமல் இரண்டு தடவை கேட்டேன். "அதான் சொன்னேனேம்மா" என்று கடைக்காரர் எரிந்து விழுந்தார். அந்தத் திட்டு எனக்கு அவ்வளவு இனித்தது.

ஒரு டப்பா வெள்ளை வாங்கிவிட்டேன். சாக்பீஸைத் தூக்கிப் போடு, அக்கா. விலையை இனிப் பெயிண்டிலேயே எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பலகையைப் பிடித்துக்கொள்ளட்டுமா?

இப்படிக்கு,
உன் நோட்டுக்காரி