நம்பிச் சொன்ன பதில்கள்

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து களி அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தவன் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடினேன். எதிரே குடத்தோடு வந்த ராசாத்தி, தண்ணி பிடிச்சிட்டு வரதுக்குள்ள பிடிச்சிருச்சுங்கண்ணா என்று சட்டியை இறக்கி வைத்தாள். அவளுக்கு அவ்வளவுதான். எனக்குத்தான் அதன்பிறகு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மிளகுக் கொடிக்கும் இடையே நடந்து நடந்து, கடைசியில் உனக்கு எழுத வந்திருக்கிறேன்.

அந்த நர்ஸ் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்த நாளில்தான் மனம் போய் நிற்கிறது. மலைக்குக் கீழேயிருந்து மாற்றலாகி வந்த பெண். திண்ணனூர் நாட்டு ஊர்களில் அறுபது தாண்டியவர்களை வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். உன்னிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள். "தேதியெல்லாம் நான் என்னிக்குக் கண்ணு பாத்தேன்? சந்தை என்னிக்குன்னு கேளு, சொல்றேன்" என்றாய். அவளும் சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகாதவர்களின் ஞாபகத்தைத் தேதி கேட்டு அளந்தால் தப்பாகிவிடும், தினமும் செய்கிற வேலையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கூட இருப்பவரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி, தாளோடு என் பக்கம் திரும்பினாள்.

தானாகச் சமைக்கிறாரா? சமைக்கிறாள். தனியாக பஸ் ஏறிச் சந்தைக்குப் போய் வருகிறாரா? வருகிறாள். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? எனக்கே அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள் என்றேன், பெருமையாக. ஐந்து நிமிஷத்தில் தாள் நிரம்பிவிட்டது. நீ அடுப்படி நிலையைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய். வீட்டுக்கு வந்தவரைக் காபி கொடுக்காமல் நீ அனுப்பியது அன்றுதான் முதல் தடவை. அதுகூட எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

முப்பது வருஷம் இந்த மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். எத்தனை பேர் நெருக்கி நின்றாலும் டிக்கெட் எடுக்காதவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். தூங்கிப்போனவரை அவர் இறங்குகிற இடம் வருமுன்னே தட்டி எழுப்புவேன். அந்தக் கண்ணை ஒரு நாளும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. தட்டில் சோறு வந்தது. எப்படி வந்தது என்று பார்க்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து பலா மரத்தடியில் விழுந்தேன். வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் இருட்டியது. ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாதக் கடைசி வரை வர வேண்டிய சர்க்கரை மாத்திரை பாதியிலேயே தீர்ந்திருந்தது. காலையில் கொடுத்ததை மறந்து நீ மறுபடி கொடுத்திருக்கிறாய். நானும் என்ன ஏது என்று பார்க்காமல் வாங்கி விழுங்கியிருக்கிறேன்.

செய்தி கேட்டு நர்ஸ் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க பாத்துச் சொன்னீங்களா ஐயா, நம்பிச் சொன்னீங்களா?"

மாத்திரையை உடனே என் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பத்து நாள் உன்னைத் திருத்தாமல், குறுக்கே பேசாமல், கூடவே இருந்து பார்த்து எழுதித் தரச் சொன்னாள்.

பார்த்தேன். உலை கொதித்துக்கொண்டிருக்க, மாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். வெகுநேரம் நின்றாய். உப்பு வேண்டும் என்று ராசாத்தி வந்தாள். பேச்சுவாக்கில், மாவப் போட்டுக் கிண்டிரலாமுங்கக்கா என்றாள். உடனே உன் கை ஓடத் தொடங்கியது. மறுநாள் தயிர் கேட்கிற சாக்கில் வந்து அடுத்த வேலையை எடுத்துக் கொடுத்தாள். சந்தைக்கும் நீ அவள் கூடத்தான் போய்க்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் அவளை வேலியோரம் நிறுத்திக் கேட்டேன். ஒரு வருஷமாகவே இப்படித்தான் என்று சொல்லி அழுதுவிட்டாள்.

"உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்கண்ணா."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அன்று மத்தியானமே உன்னைக் கேட்டுவிட்டேன். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா என்னய மூலையில உக்கார வெச்சிருப்பீங்க. கை சும்மா இருந்தா மிச்சமும் போயிருமுங்க."

இன்னும் நாலு முறை புடைத்தாய். பிறகு முறத்தை மடியில் வைத்துவிட்டு, "மாத்திரைய ரெண்டு தரம் குடுத்துட்டேனுங்களே" என்றாய்.

பத்து நாள் எழுதிய தாளோடு நாமக்கல்லுக்குப் போனோம். டாக்டர் ஸ்கேன் படத்தைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். மறதி நோய்தான், குணமாகாது, வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம் என்றார். கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிவிடாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள் என்றார்.

நின்றேன். கொஞ்ச நாள் நீ பக்குவம் சொல்ல நான் கிண்டினேன். அப்புறம் நான் சொல்ல நீ கிண்டினாய். மிளகு உதிர்க்க மட்டும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது கடைசி வரை உன் விரலில் இருந்தது. ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்து, "கண்டக்டருங்களா, எங்க ஊடு வந்தாச் சொல்லுங்க" என்றாய். சொல்கிறேன் என்றேன். அன்று பொழுது சாயும்வரை உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. போன ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி, நாலே நாளில் போய்விட்டாய்.

என்னைக் குடைவது எனக்குத் தெரியவருவதற்கு முந்தின அந்த ஒரு வருஷம்தான். எந்த நாள் முதல் நாள்? குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்து, நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேனே, அன்றா? பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, கூட்டம் என்று சொன்னாயே, அன்றா? நான் முதலிலேயே பார்த்துச் சொல்லியிருந்தால் இவள் கொஞ்ச காலம் கூடுதலாக இவளாகவே இருந்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இருந்திருப்பாள் என்றாலாவது அழுதிருப்பேன், இருந்திருக்கமாட்டாள் என்றாலாவது தூங்கியிருப்பேன்.

போன வாரம் அந்த நர்ஸ் எனக்காக, என் ஞாபகத்தைப் பார்க்க வந்தாள். என்னைப் பற்றிச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். திருப்பூரிலிருக்கும் நம் மகள் போனில் சாப்பிட்டாச்சா என்பாள், ஆச்சு என்பேன். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ராசாத்தியைக் கூப்பிட்டேன். பார்த்ததை மறைக்காமல் சொல்லச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், கேஸ் அடுப்பை அணைக்காமல் நான் இரண்டு தடவை காட்டுக்குப் போய்விட்டேன் என்று.

உன் நினைப்பாகப் போனதுதான், மறதி இல்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. நர்ஸ் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"எழுதிக்கம்மா" என்றேன்.

அவள் போன பின்னும் ராசாத்தி தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். இல்லை, இனிமேலும் இப்படியே சொல் என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் அவளிடம் சொன்னேன். ஒரு வருஷம் முழுக்க நீ என்னிடம் சொல்ல முடியாமல் வைத்திருந்தது இதைத்தானே.