தூக்கிப் போடாத போன்

என் கட்டெறும்பு மச்சானுக்கு,

செத்தவரிடம் சுகமா என்று கேட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். திருப்பூரில் நான் சுகம்.

பதினாறாம் நாள் உங்கள் துணிமணியோடு போனையும் கொடுத்துவிடச் சொன்னார் உங்கள் அண்ணன். நான் முந்தியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். உங்கள் குரல் அதற்குள் அல்லவா இருக்கிறது!

திரை எரிகிறது, தொட்டால் கேட்கவில்லை. விரலுக்குப் பதில் கம்ப்யூட்டர் மவுஸால் தொடலாம் என்று, அதைப் போனில் மாட்ட நாலு துளை வைத்த ஹப் வாங்கினேன். மாட்டியும் திரையில் மவுஸின் அம்புக்குறி வரவில்லை.

ஹப் விற்ற கடைக்காரர், "போனு போயிருச்சுங்கக்கா, தூக்கிப் போடுங்க" என்றார்.

"தூக்கிப் போடுததுக்கா கயத்தாத்துலேருந்து கொண்டாந்தேன்? ஒம்ம சோலியப் பாரும்" என்று வந்துவிட்டேன்.

நான் தைக்கிற கம்பெனியில் ஒரே வயரில் நாலு தையல் மிஷினை மாட்டினால் எதுவும் சரியாக ஓடாது. ஹப்புக்கும் கரண்ட் பத்தவில்லையோ என்று அதன் இன்னொரு துளையில் சார்ஜரைச் சொருகினேன். அம்புக்குறி ஓடியது மச்சான்! கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரே சார்ஜரைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

ஹாஸ்டலில் எல்லோரும் வீட்டுக்குப் பேசும்போது நான் இதோடு உட்கார்ந்திருக்கிறேன். திறக்க நாலு எண் கேட்கிறது. கல்யாண வருஷம் போட்டேன், உங்கள் வண்டி நம்பர் போட்டேன். தப்பு என்கிறது. விட மாட்டேன்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. உங்கள் பொன்மணி கேட்கிறேன், என்ன நம்பரு வச்சிய மச்சான்?