பூமி உருண்ட வகுப்பு

சைகோன், 1955 மார்ச் 7, திங்கள்

போன நவம்பரில் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததும் இங்குள்ள நம் தமிழர் சங்கத்தாருக்குத் தமிழ் மேல் திடீர்ப் பாசம். சாயங்கால வகுப்பு வைத்தார்கள், என்னை டீச்சர் ஆக்கினார்கள். இன்று 'பின்பனி' என்ற சொல்லை விளக்கப் புகுந்தேன். ஒடெட் (அப்பா புதுச்சேரி, அம்மா இந்த ஊர்) எழுந்து, "டீச்சர், பனின்னா சோடாக் கடை ஐஸா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான். மதராஸ் புத்தகத்தில் ஆறு பருவம். காலையில் பிரெஞ்சுப் பள்ளியில் நாலு படிக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே இரண்டுதான், மழையும் மழை இல்லாததும். எதைச் சொல்லிக்கொடுப்பேன்?

ஹமீதா பானு மட்டும் விடவில்லை. துணிக்கடை அப்துல் குத்தூஸின் மகள். கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "நோன்பு ஏன் டீச்சர் வருஷா வருஷம் முன்னாடி வருது?" சந்திரன் பன்னிரண்டு மாதத்தைச் சீக்கிரமே முடித்துவிடும், சூரிய வருஷம் முடியப் பத்துப் பதினோரு நாள் மிச்சம் இருக்கும் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த ஒரு பிள்ளைக்காகவே பாடம் நடத்தலாம்.

மார்ச் 14

இன்று ஜெயம். சுழற்சி வேறு, சுற்று வேறு என்று எத்தனை சொல்லியும் ஏறவில்லை. கடைசியில், "மாரியம்மன் கோயிலில் அங்கப்பிரதட்சிணம் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். உடம்பு தானும் உருளுகிறது, கோயிலையும் சுற்றுகிறது, பூமியும் அப்படித்தான். சொல்லி வாய் மூடவில்லை, ஹமீதா பானு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, அரிக்கேன் விளக்கை அதன்மேல் வைத்து, தரையில் படுத்து உருளவே ஆரம்பித்துவிட்டாள். "ஒரு உருளு ஒரு நாளு! ஒரு சுத்து ஒரு வருஷம்!" என்று கத்தல் வேறு. பூமி இப்படிப் படுத்துக் கிடக்கவில்லை, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, அந்தச் சாய்வால்தான் பருவங்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நானும் கை தட்டினேன். பாவாடையெல்லாம் புழுதி அவளுக்கு.

மார்ச் 15

கை தட்டியிருக்க வேண்டாம்.

அப்துல் குத்தூஸ் வந்தார். "எம் மவள நான் படிக்க அனுப்புனேனா, கோயிலுக்கு வேண்டுதலுக்கு அனுப்புனேனா?" பூமி சுற்றுவதைத்தான் காட்டினாள் என்றேன். "பூமி சுத்துனா சுத்திட்டுப் போவுது. எம் புள்ள ஏம்மா உருளணும்? வயசு பன்னெண்டு ஆவுது." இனி அனுப்ப மாட்டாராம். அவர் போனதும் சங்கச் செயலாளர் அண்ணாமலை செட்டியார். "சாமி காரியத்தை விளையாட்டாக்கிப்புட்டீகளே டீச்சரம்மா!"

எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். அவ படிப்பு என்னாலயா நிக்கணும்? அழுதேன் — அழுது என்ன ஆகப்போகுது?

மார்ச் 29

செட்டியார் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. துணிக்கடைக்காரர் கோபம்தான் ஆறுவதாகக் காணோம். மூன்றாவது தடவையாகக் கடைக்குப் போனேன். டீ வருகிறது, விசிறிக்குக் கீழே நாற்காலி வருகிறது, மகள் பேச்சை எடுத்தால் மட்டும், "இந்த நீலம் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று துணியை விரிக்கிறார். வாங்காமல் எழுந்து வர முடியுமா? வீட்டில் இவர் கேட்கிறார், "நீயும் கடை வைக்கப் போறியா?"

ஏப்ரல் 29

நேற்றிலிருந்து பீரங்கிச் சத்தம். அரசாங்கப் படைக்கும் ஏதோ ஆயுதக் கும்பலுக்கும் சண்டையாம். சீனர்கள் இருக்கும் சோலோன் பக்கம் வானமெல்லாம் புகை. மசூதித் தெருவில் ஹமீதா பானு வீட்டார் எல்லோரும் சௌக்கியம் என்று இவர் விசாரித்து வந்து சொன்னார். அவர்களுக்கு நோன்பு வேறு.

மே 11

வகுப்பு திறந்தாயிற்று. கலவரத்தில் யாரோ அரிக்கேன் விளக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். "சூரியனத் தூக்கிட்டுப் போயிட்டாங்க டீச்சர்!" என்கிறாள் ஒடெட். சிரித்தேன். ஹமீதா பானு இடம் காலி.

மே 24

பெருநாள். அப்துல் குத்தூஸ் தாமே பிரியாணிச் சட்டியோடு வந்தார். கொடுத்தவர் போகவில்லை.

"இந்த வெயில்ல நோன்பு புடிச்சு நாக்கு வறண்டு கெடந்தேன். நான் பையனா இருக்கச்சே காரைக்கால்ல மார்கழிக் குளுருல வரும், இப்ப ஏன் இப்புடின்னு சும்மா பொலம்புனேன். எம் மவ சொல்றா, 'அது எல்லாப் பருவத்தையும் சுத்திக்கிட்டு மறுபடி மார்கழிக்கு வரும் வாப்பா.' இத்தன வருஷம் நோன்பு புடிக்கிறேன், எனக்குத் தோணல. அவ சொல்றது சரிதானா?"

"சரிதான்."

"அப்ப பருவம் ஏன் மாறுதாம்? கேட்டா, 'அந்தப் பாடம் வர்றதுக்குள்ளதான் என்னய நிறுத்திட்டீங்களே'ங்கிறா."

"அவ வந்தா அவளுக்குச் சொல்லுவேன். அவ உங்களுக்குச் சொல்லுவா" என்றேன். என்ன திமிர் எனக்கு! அவர் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"சுத்தட்டும்" என்றார் கடைசியில். "உருள வேணாம்."

ஜூன் 1, புதன்

வந்துவிட்டாள்! கூடவே வாப்பாவும். உருளுகிறாளா என்று பார்க்கவாம். கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே மழை கொட்டுகிறது.

இன்று சாய்வுப் பாடம். விளக்கு இல்லாததால் சூரியனாக ஆள் வேண்டும். ஒடெட்டை நிற்கவைத்தால் நிற்காமல் சிரிக்கிறாள். ஹமீதா பானு கதவுப் பக்கம் திரும்பி, "வாப்பா, நீங்க வாங்க" என்றாள். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து நின்றார். ஆஜானுபாகு, அறையில் பாதி அவர்தான்.

தலையை ஒரு பக்கம் சாய்த்து, தானும் சுழன்றுகொண்டு, அவரைச் சுற்றி நடந்தாள். "இளவேனில்... முதுவேனில்..." அவரும் கண்ணெடுக்காமல் அவளோடு கூடவே திரும்பிக்கொண்டிருந்தார். அவள் நின்றுவிட்டாள்.

"வாப்பா, நீங்க திரும்பக் கூடாது. சும்மா நிக்கணும். சுத்துறது நான்."

அப்துல் குத்தூஸ் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூதிர், முன்பனி என்று சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.